ஆர் 102 சாலை, படிவம் ஆறு

காலை ஐந்தரை. வெருலம் தாண்டிவிட்டோம்.
இரு பக்கமும் கரும்பு ஈரத்தோடு நிற்கிறது.
ஓட்டுவது நொம்பூசோ.
எழுதுவது நான்.
அடிபட்டுக் கிடப்பதை எண்ணுவது எங்கள் உத்தியோகம்.

இனம், பால், வயது,
சாலையின் எந்தப் பக்கம்,
செத்து எத்தனை மணி நேரம்.
ஒரு சாவுக்கு ஒரு வரி.

இந்த ஆண்டுதான் தமிழுக்கும் ஒரு பத்தி போட்டார்கள்,
ஆங்கிலத்துக்கும் சூலுவுக்கும் பக்கத்தில்
மெலிந்து ஒரு பத்தி.
"லோகி, சனிக்கிழமைப் பள்ளிக்குப் போனவள் நீதானே,
பெயர்களை நிரப்பிக் கொடு."
நிரப்பினேன். பத்து நாள் தூக்கம் போச்சு.

இந்த நாட்டு விலங்கு எதையும்
நம் மொழி நேரில் பார்த்ததில்லை.
தெரிந்தவர்களைக் கூப்பிட்டு ஒட்டவைத்தது:
குதிரைக்குக் கோடு,
கழுதைக்குப் பின்னால் ஒரு புலி,
ஒட்டகத்தின் மேல் சிவிங்கியின் தோல்.
கப்பலிலிருந்து இறங்கியவனை நிமிர்ந்து பாராமல்
முனுசாமியை மூன்சாமி என்று எழுதினானே
ஒரு குமாஸ்தா, அவன் வேலை.
(அந்த எழுத்துப்பிழைதான்
இன்று வரை என் குடும்பப் பெயர்.)

இம்புன்சி என்றாள் நொம்பூசோ.
சிறுமான் என்று எழுதினேன்.
இம்பபாலா என்றாள்.
புதர்மான்.
"உங்களுக்கு எல்லாமே மான்தானா?"
ஆமாம்.
கொம்பும் பயமும் இருந்தால் மான்.

வளையம் வளையமாய் வால் உள்ள இன்சிம்பா.
மரநாய் என்பதா, புனுகுப்பூனை என்பதா?
ஒன்றில் நாய் இல்லை, மற்றதில் பூனை இல்லை,
இரண்டிலும் இது இல்லை.
லாரி ஒவ்வொன்றும் கடக்கையில்
அந்த வால் மட்டும் எழுந்து படுத்தது.

ஆனால் பால் என்கிற கட்டம் வந்தால்
மொழி திடீரென்று வாய் திறக்கிறது.
ஆங்கிலத்துக்கு அங்கே ஓரெழுத்து போதும்.
எனக்கோ களிறு, ஏறு, கலை, கடுவன், சேவல்,
பிடி, பிணை, பெடை, மந்தி.
இளசு என்றால் கன்று, மறி, பறழ், குருளை, பார்ப்பு.
கல்யாண வீட்டில் எதிரே வந்து நிற்பாளே ஒருத்தி,
உன் பெயர் தெரியாது,
நீ யார் வீட்டுப் பிள்ளை என்பது மட்டும்
அச்சாய்ச் சொல்வாள்,
அப்படி ஒரு மொழி.
கட்டம் ஒரு விரல் அகலம்.

டோங்காட் சர்க்கரை ஆலைக்கு அரை மைல் முன்னால்
மஞ்சள் கோட்டின் மேல் ஒரு இன்காவு.
கருமுகம். உள்ளங்கை அளவு.
பக்கத்தில் மந்தி.
அதன் கையைத் தூக்கினாள், விட்டாள். விழுந்தது.
மறுபடி தூக்கினாள்.
நொம்பூசோ விளக்குகளைச் சிமிட்டவிட்டு
வண்டியைக் குறுக்கே நிறுத்தினாள்.
பின்னால் கரும்பு லாரிக்காரன்
எங்கள் இருவர் தாயையும் திட்டினான்.

வயது: குட்டி என்று தொடங்கி அடித்தேன்.
மரத்தில் வாழும் குரங்கின் பிள்ளையை
மகவு என்றும் சொல்லலாம் என்று
பழைய அகராதியில் படித்திருக்கிறேன்.
மனுஷிக்குப் பிறந்ததற்கும் அதே சொல்.
யாரோ ஒருத்தர் எப்போதோ
இப்படி ஒரு மந்தியைப் பார்த்துக்கொண்டு
நின்றிருக்க வேண்டும்.

நான் எழுதி முடிப்பதற்குள்
அவள் அதை வயிற்றோடு அணைத்து
ஒற்றைக் கையால் மாமரம் ஏறிவிட்டாள்.
உடல் இல்லையென்றால் வரி இல்லை. விதி நான்கு.
நொம்பூசோ கேட்கவில்லை.
நானும் அடிக்கவில்லை.
தமிழ்ப் பத்தியில் ஒரே ஒரு சொல்,
மற்ற கட்டமெல்லாம் வெள்ளை.
அலுவலகக் கணினி
அந்தப் பத்தியை எப்படியும் படிக்காது.

அடுத்த பாலத்தடியில்
அவள் பெயர் சொன்ன பிராணிக்கு
நடுவில் ஒரு சொடுக்குச் சத்தம் உண்டு,
என் நாக்குக்கு வராது, நம் எழுத்திலும் வராது.
எட்டிப் பார்த்தேன்.
உடும்பு.
ஒட்டுப்போட வேண்டாத, சந்தேகமே இல்லாத உடும்பு.
நாக்கை நீட்டிக்கொண்டு சாலையைக் கடந்தது.
உயிரோடு இருந்ததால் எழுதவில்லை.